பல் விட்ட சுவர்

கொத்தனார் திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி, "அரை" என்றார். அவளுக்கு வலப்பக்கம் முழுக்கற்கள் அடுக்கியிருந்தன. இடப்பக்கம் அரைக்கற்கள், காலையில் அவளே உடைத்து வைத்தவை. அவள் முழுக்கல் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

கை அப்படியே நின்றது. கல்லைக் கையில் வாங்கினாலே அது முழுசா, அரையா, வெந்ததா, வேகாததா என்று அந்தக் கைக்குத் தெரியும். கலவை விரித்தாகிவிட்டது, வலது கையில் கரண்டி காத்திருந்தது. கரண்டியின் விளிம்பால் ஒரே தட்டுத் தட்டினால் கல் இரண்டாகிவிடும். அவர் கல்லை ஒருமுறை புரட்டினார். பிறகு மூலையில் வைத்து, தட்டி இறக்கி, வழிந்த கலவையை வழித்தெடுத்தார். சுவர் முடியவேண்டிய இடத்தைத் தாண்டிக் கல்லின் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அடுத்த கலவையை விரித்தார். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கலவை அள்ளப் போனாள்.  

கையை நீட்டுவதும் கல்லை வைப்பதும் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பழக்கம். ஒரே மேஸ்திரியிடம் அவர் கொத்தனார், அவள் சித்தாள். அந்தக் கை அவளிடம் முதலில் கேட்டது செங்கல்தான், மற்றதெல்லாம் பின்னால் வந்தது. வேலை செய்கிற இடத்தில் மற்றவர்களைப் போல அவளும் அவரைக் 'கொத்தனாரே' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்று காலை சொந்த வீட்டின் முதல் வரிக்கு நூல் கட்டியபோதும் வாய் பழக்கத்தில், "கொத்தனாரே, கலவை இறுகுது," என்றுவிட்டாள்.

"இங்க யாரு கொத்தனாரு? நான் வீட்டுக்காரன்."

"அது கல்யாணம் ஆன அன்னிக்கே ஆயாச்சு. மட்டத்தைப் பாருங்க."

அவர் சிரித்தார். அப்போது அவளுக்கு முழுக்கல்லைக் கொடுக்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. மூலை வந்தது, கை நீண்டது, கொடுத்தாள்.

இந்த மனையில் முதலில் மண்வெட்டி போட்டவன் மகன். அவன் கம்பி கட்டுகிறவன். வீட்டைத் தாங்குவது பில்லர், சுவர் வெறும் திரை என்பது அவன் கட்சி. சுவர்தான் வீடு, பில்லர் என்பது சுவர் கட்டத் தெரியாதவன் கண்டுபிடித்தது என்பது அப்பன் கட்சி. சோற்றுத் தட்டின் முன்னாலும் இதே பேச்சுதான் நடக்கும். மற்ற வீடுகளில் அப்பனும் மகனும் முட்டிக்கொள்ள எத்தனையோ இருக்கும். இவர்களுக்குக் கம்பியும் கல்லும் போதும். 'பில்லர்காரன் வந்தாச்சா' என்றுதான் கொத்தனார் மகனைப் பற்றிக் கேட்பார். மனை கைக்கு வந்ததும் அவன் வேலை முடிந்து வந்த மாலைகளில் மூலைக்கு மூலை குழி எடுத்தான். ஆள் இறங்கினால் தலை மட்டும் தெரியும் ஆழம். பிறகு ஒரு பாலத்து வேலைக்கு வெளியூர் போனான். அவன் திரும்புவதற்குள் கொத்தனார் குழிகளையெல்லாம் மூடிவிட்டு, சுவருக்கு ஏற்ற மாதிரி நீளவாட்டில் அஸ்திவாரம் வெட்டிவிட்டார். குழிகளில் மண்ணைக் கொட்டியவள் அவள்தான். கொட்டு என்றார், கொட்டினாள். சட்டியைத் தூக்கிக் காட்டினால் தலை தானாக வந்து அடியில் நிற்கும். அது உடம்பில் ஊறிய பழக்கம்.

வந்தவன் மனையை ஒரு சுற்றுச் சுற்றினான். சத்தம் போடவில்லை.

"நாளைக்கு மேல ஒரு மாடி எடுக்கணும்னா இந்தச் சுவரு தாங்குமாப்பா?"

"யாருக்கு மாடி?" என்றார் கொத்தனார்.

என்ன நினைத்துக் கேட்டாரோ. இருக்கிற மூன்று பேருக்கு மாடி எதற்கு என்றுகூட இருக்கலாம். மகன் காதில் 'உனக்கு இங்கே எதற்கு' என்று விழுந்தது. சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுக்கும், வாயிலிருந்து விழுகிற சொல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. மகன் கம்பி வளைக்கிற சாவியையும் இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களின் அறைக்குப் போய்விட்டான். அந்த அறையும் இதே ஊரில்தான், பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவன் வரவில்லை, அவரும் போகவில்லை.

அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். பேசுவது என்றால் அவள் சொல்வாள், அவன் கேட்பான்.

"அஸ்திவாரம் முடிஞ்சுதுப்பா."

"ம்."

"இன்னிக்கு ஒண்ணும் ஏறல. மணல் சலிக்கவே பொழுது போயிடுச்சு."

"ம்."

தரை உயரத்துக்குப் பேஸ்மட்டம் முடிந்ததைச் சொன்ன மாலையில் அந்த 'ம்'முக்குப் பிறகு அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "அந்தக் காலி இடத்துப் பக்கம் மூலைய எப்படி முடிக்கப்போறாரு?" என்றான்.

மனையில் வீடு போக ஒருபக்கம் ஓர் அறை அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. பின்னால் கட்டலாம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கத்து மூலையை நேராக அறுத்து முடிக்க மாட்டார்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி கல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவார்கள். புதுச் சுவர் வரும்போது அந்த இடைவெளிகளில் கடித்துக்கொள்ளும். பல் விடுவது என்று பெயர். பல் விடாமல் முடித்த சுவரோடு பின்னால் எதை ஒட்டிக் கட்டினாலும் இரண்டு மழைக்குள் கோடு விழுந்துவிடும். அவன் மாடியை விட்டுவிட்டான், பக்கத்து இடத்தைக் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. "இன்னும் அங்க வரல," என்று மட்டும் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் வரி வைத்தார்கள்.

சுவர் அதன் போக்கில் ஏறியது. விடிந்தும் விடியாமலும் கொஞ்ச நேரம், கூலி வேலையிலிருந்து திரும்பியபின் வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்ச நேரம், ஞாயிறென்றால் முழுநாள். சில நாள் நாலு வரி ஏறும். சில நாள் கல்லை இடம் மாற்றி அடுக்குவதோடு சரி. எதிரே தகரக் கூரையின்கீழ் துணி தேய்த்துக் கொடுக்கிறவர் இருந்தார். பொழுதுபோக்கு அவருக்கு இந்த வீடுதான்.

"என்னம்மா, நேத்து விட்ட எடத்துலயே நிக்குதே? உங்க வீடு வளருதா, தேயுதா?"

"தேய்க்கிறது உங்க தொழிலுண்ணே."

"அதுக்குத்தான் வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்லி வச்சாங்க."

"ரெண்டும் பண்ணியாச்சு. ரெண்டுலயும் கல்லு சுமந்தது நான்தான்."

அவர்கள் கூலிக்குக் கட்டிக்கொண்டிருந்தது மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மாடி வீடு. அவர் கடையிலிருந்து வரும் வழியில் தினமும் தெருவில் நின்று வீட்டைப் போனில் படமெடுப்பார். ஒரு கல்கூட ஏறாத நாளிலும் எடுப்பார். அந்த வீட்டுச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் ரப்பர் குழாயில் தண்ணீர் அடிப்பதும் அவள் வேலை. அடுத்தவன் சுவரை நாள் முழுக்க நனைத்துவிட்டு வந்து பார்த்தால் தன் சுவர் வெயிலில் வெளுத்து நிற்கும். புதுச் சுவர் காயக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் நனைக்கப் பகலில் ஆள் இல்லை. வந்ததும் வராததுமாக டிரம்மிலிருந்து குவளை குவளையாக மொண்டு ஊற்றுவாள். காய்ந்த கல் தண்ணீரைக் குடிக்கும்போது ஸ்ஸ் என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். சுவரோரம் காதை வைத்தால்தான் கேட்கும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த பிள்ளை சோற்றில் கை வைத்ததும் பேச்சை நிறுத்திவிடுமே, அவளுக்கு அந்த நினைப்பு வரும்.

மூலைக்கு வரும்போதெல்லாம் கொத்தனார் "அரை" என்றார். அவள் முழுக்கல்லைக் கொடுத்தாள். அவர் வைத்தார். கேட்பது அவர் வேலை, கொடுப்பது அவள் வேலை என்பதுபோல நடந்தது. ஜன்னல் மட்டம் வந்தபோதும் "அரை" என்றார், ஜன்னலுக்கு மேல் ஓடும் லிண்டலைத் தாண்டியபோதும் "அரை" என்றார். ஒருமுறைகூட 'நான் கேட்டது என்ன, நீ கொடுத்தது என்ன' என்று திரும்பவில்லை. அவள் உடைத்து வைத்த அரைக்கற்கள் இடப்பக்கம் குவிந்து அவற்றின் மேல் பாசி பிடித்தது.

தேய்ப்புக்காரர் ஒருநாள், "என்ன, சுவரு பல்லைக் காட்டுது?" என்றார்.

"உங்களப் பாத்துத்தான்," என்றாள். கொத்தனார் சாரத்தின் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மகனிடம் சொன்னாள். "அந்த மூலையில அப்பா பல்லு விட்டிருக்காருப்பா."

 "அவரு விட்டாரா, நீ விட்டியா?" என்றான்.

மணல் குவியலிலும் செங்கல் அடுக்கின் நிழலிலும் வளர்ந்தவன் அவன். தூளியைச் சாரக்கட்டையில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் அவள் கல் எடுத்துக் கொடுத்தாள். நீட்டிய கையையும் கல் வைக்கும் கையையும் அவன் எவ்வளவு பார்த்திருப்பான்.

"அவரா விட்டிருந்தா சொல்லு, வர்றேன்," என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் பேசவில்லை. அவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இன்றைக்கு இத்தனை வரி, இன்றைக்கு இது முடிந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போனதும், வீடு ஏறுகிறதா நிற்கிறதா என்பதே அவளுக்கு மந்தமாகத்தான் தெரிந்தது.

மேல்தளம் போடும் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கலவை இயந்திரத்தோடும் ஆட்களோடும் வந்தார். கூடவே வேலை செய்கிற சித்தாட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "இன்னிக்கு நீ வீட்டுக்காரம்மா, நாற்காலி போட்டு உக்காந்து எங்களத் திட்டணும்," என்றாள் ஒருத்தி. அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். வேலை முடிந்து எல்லோரும் கை கால் கழுவும்போது மேஸ்திரி வீட்டைச் சுற்றி வந்தார். காலியிடத்துப் பக்கம் போய் நின்றார்.

"என்ன கொத்தனாரே, வீட்டுக்காரன் ஏமாந்தவன்னு பாதியில விட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொத்தனாரும் சிரித்தார்.

"இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். இந்தப் பக்கம் கட்டுறதா இருந்தா விடு. இல்லேன்னா உடைச்சிட்டுப் பூசிடு. நீட்டிக்கிட்டு இருக்குற கல்லு மேல மழைத்தண்ணி உக்காந்து உள்ள எறங்கும். உனக்கு நான் சொல்லணுமா."

"உடைச்சிடுறேன். அந்தப் பக்கம் பூசும்போது."

அவள் சட்டியில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் போனபின் கேட்டாள்.

"உடைக்கத்தான் போறீங்களா?"

"பின்ன? அங்க யாரு கட்டப்போறா?"

"அவன் கேட்டான்."

"யாரு?"

"உங்க பில்லர்காரன். மூலைய எப்படி முடிக்கிறாருன்னு கேட்டான்."

கொத்தனார் காலில் ஒட்டிய சிமெண்டை நகத்தால் சுரண்டினார். "எப்போ?"

"பேஸ்மட்டம் முடிஞ்சப்ப."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா அரைக்கல்லுதான் வச்சிருப்பீங்க."

 அது உண்மை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் கேட்டான் என்று காதில் விழுந்திருந்தால் அன்றே மூலையை அறுத்து முடித்திருப்பார். கேட்டு வாங்குகிற இடத்தில் அவர் கொடுக்க மாட்டார், கேட்காத இடத்தில் அள்ளிக் கொடுப்பார். அந்தச் சுபாவத்தோடுதான் அவள் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவர் எழுந்து சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். "உடைக்கிறதுன்னா உடைக்கிறதுதான்," என்றார் பொதுவாக, வீட்டைப் பார்த்து.

உள்பூச்சு நடந்தது. தெருப்பக்கத்துச் சுவரும் பின்சுவரும் பூசியாகிவிட்டன. மிச்சம் இருந்தது காலியிடத்துப் பக்கம்தான். அதை வரும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று கொத்தனாரே சொன்னார். அவள் சரி என்றாள். உடைத்துவிட்டால் மகனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அவன் கேட்கவும் மாட்டான். ஒரே ஊரில் இரண்டு வீடாகிவிடும். எத்தனையோ குடும்பங்களில் ஆகியிருக்கிறது. யாரும் செத்துப்போய்விடவில்லை, சோறு தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்தாள். நனைத்த இடத்தையே திரும்ப நனைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று மேஸ்திரி கீழிருந்து சத்தம் போட்டபிறகுதான் குழாயை நகர்த்தினாள்.

அந்த வாரத்தில் ஒரு மாலை கொத்தனார் பூச்சுக்கு எவ்வளவு மணல் சலிக்க வேண்டும் என்று பார்க்கக் காலியிடத்துப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. அவள் குவளையோடு போய்ப் பார்த்தாள். அவர் மூலையருகே குந்தியிருந்தார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே கட்டைவிரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

கல் வைக்கும்போது வழிந்த கலவை அந்த இடைவெளிகளில் விழுந்து கட்டியாக இறுகியிருந்தது. புதுச் சுவர் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவேண்டும், இல்லையென்றால் புதுக்கல் உள்ளே போகாது. இப்போது அங்கே ஒரு பொட்டுக் கலவை இல்லை. அடியிலிருந்து கைக்கு எட்டுகிற உயரம்வரை ஒவ்வொரு பல்லின் இடுக்கும் சுத்தமாக இருந்தது. உதிர்ந்த சில்லுகள் கீழே புதிதாகக் கிடந்தன.

"நீயா சுரண்டுன?"

"நான் ஏன் சுரண்டுறேன்? உங்ககூடத்தானே காலையிலிருந்து நிக்கிறேன்."

அவர் விரலை எடுத்து, அந்த இடத்தை அவளுக்குக் காட்டினார். கரண்டியால் சுரண்டியிருந்தால் தடம் பட்டையாக இருக்கும். இது பென்சில் கோடு மாதிரி குறுகலாக, பக்கத்தில் பக்கத்தில் கோடு கோடாக இருந்தது. கம்பி முனை. கொத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தெருவைக் கடந்து தேய்ப்புக்காரரிடம் போனாள்.

"உங்க பையன் வந்தாரும்மா. மத்தியானம். அந்த மூலையில உக்காந்து என்னவோ நோண்டிக்கிட்டு இருந்தாரு. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சுட்டுப் போயிட்டாரு."

"உள்ள போய்ப் பாக்கலையா?"

"இல்லையே. நான்கூடச் சொன்னேன், கதவே இல்லாத வீட்டுக்குள்ள போக என்னப்பா யோசனைன்னு. சிரிச்சாரு. போகல."

அவள் வந்து கொத்தனாரிடம் அதை அப்படியே சொன்னாள். அவர், "டீ குடிச்சானாமா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே கலவை போட்டார்கள். அவள் மணலையும் சிமெண்டையும் புரட்டிக் குவித்து நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டாள். கொத்தனார் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலியிடத்துப் பக்கம் போனார். பைக்குள் உளி கரண்டியோடு மோதுகிற சத்தம் கேட்டது. அவள் கலவையை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டே அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தாள். அவள் கேட்டிராத சத்தம் இல்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சுவர்களை அவர் உடைத்து அவள் அள்ளிக் கொட்டியிருக்கிறாள்.

சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வா," என்றார்.

போனாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். பை கீழே கிடந்தது. இடது கை பின்னால் நீண்டது.

"சுத்தியல்."

அவள் பையைத் திறந்தாள். சுத்தியலும் உளியும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இரண்டையும் எடுத்தாள்.

"உளி?"

"சுத்தியல் மட்டும்."

கொடுத்தாள். பக்கத்தில் நீளமான ஒரு மரச் சட்டம் சாய்த்து வைத்திருந்தது. சாரம் பிரித்தபோது மிஞ்சிய கட்டையை இழைத்த மாதிரி இருந்தது. எப்போது இழைத்தார் என்று தெரியவில்லை. அவர் அதைத் தூக்கி, மூலைக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாகச் சுவரில் நிமிர்த்தி வைத்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். குண்டு ஆடி அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேலே ஓர் ஆணியும் கீழே ஓர் ஆணியும் அடித்துச் சட்டத்தை நிறுத்தினார். பூச்சு அந்தச் சட்டத்தோடு நின்றுவிடும். சட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் வெறும் கல்லாக, பற்களோடு கிடக்கும்.

"மழை வந்தா தண்ணி எறங்கும்னாரே மேஸ்திரி," என்றாள்.

"எறங்கட்டும். அதுக்குள்ள பாக்கலாம்." கரண்டியை எடுத்தார். "கலவை கொண்டா. இறுகிடப்போகுது."

அவள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொட்டினாள். அவர் கலவையை வீசி அப்பி, சட்டத்தை ஒட்டி இழுத்துவிட்டார். வெயில் ஏறியது. முதல் பாகம் பூசி முடித்துக் கட்டை போட்டுத் தேய்க்கத் தொடங்கியதும் அவளுக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. 'அப்பாவேதான் விட்டாரு' என்று இனி மகனிடம் சொல்லலாம். இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டாள். கை முழுக்கச் சிமெண்ட். டிரம்மில் குவளையை விட்டு மொண்டு கையைக் கழுவினாள். குவளையில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய், சட்டத்துக்கு அந்தப் பக்கம், மேலே நீட்டிக்கொண்டிருந்த பல்லின்மேல் ஊற்றினாள். தண்ணீர் அதன் விளிம்பிலிருந்து அடுத்ததற்கும் அதிலிருந்து அடுத்ததற்கும் சொட்டியது. வெளுத்திருந்த கற்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவள் குனிந்து காதைக் கொண்டுபோனாள். கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் கட்டையின் சத்தம் ஒரு கணம் நின்றது. கல் குடித்துக்கொண்டிருந்தது.